அக்கா தோற்றுப்போன வகுப்பு

போன மாதம் அக்காவை நெய்யாற்றின்கரையில் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். சீட்டு எழுதும் இடத்தில் இருந்த பெண் பெயர், வயது, ஊர் எல்லாம் கேட்டுவிட்டு, கண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தமோ, "அம்மச்சி எத்ர வரெ படிச்சு?" என்றும் கேட்டாள். எதுவரை படித்தீர்கள் என்று. அக்கா கொஞ்சமும் தயங்காமல், "தேர்ட் ஃபாரம். தோத்துப்போச்சு" என்றாள். அந்தப் பெண்ணுக்குத் தேர்ட் ஃபாரம் என்றால் என்னவென்று தெரியவில்லை. எட்டாம் வகுப்பு என்று வைத்துக்கொள் மகளே என்று நான்தான் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா தேர்ட் ஃபாரத்தில் தோற்கவில்லை. தோற்க வேண்டுமென்றால் பரீட்சை எழுத வேண்டும். அவள் அந்தப் பரீட்சையை எழுதியதே இல்லை. செக்கண்ட் ஃபாரத்தோடு அவளை நிறுத்திவிட்டார்கள், அதிலும் அவள்தான் முதலாவதாகத் தேறியிருந்தாள். ஆனால் எண்பது வயதைத் தாண்டியும் யார் கேட்டாலும் இதே பதில்தான். வெள்ளறடையில் அவளைக் கட்டிக்கொடுத்த வீட்டிலும் இதையே சொல்லியிருக்கிறாள். பேரப்பிள்ளைகள் மார்க் குறைந்து வரும்போது, "அம்மச்சியும் தோத்தவளாக்கும்" என்று சொல்லித் தேற்றுவாளாம். முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்து இன்று பென்ஷன் வாங்குகிற நான், பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பேன்.

எங்கள் பள்ளிக்கூடம் பாறசாலைக்கும் தனுவச்சபுரத்துக்கும் நடுவில், மிஷன் ஆலயத்துக்குப் பின்னால் இருந்தது. நீளமான ஒற்றை ஓட்டுக் கட்டிடம். உள்ளே சுவர் கிடையாது, வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் ஆளுயர மூங்கில் தட்டி மட்டும். ஒரு வகுப்பில் வாய்ப்பாடு சொன்னால் அடுத்த வகுப்பில் சரித்திரம் படிக்கிறவனுக்கும் வாய்ப்பாடு மனப்பாடமாகிவிடும். தெற்கு மூலையில் தமிழ் வகுப்புகள். மிச்ச இடமெல்லாம் மலையாளம். மழைக்காலத்தில் ஓடு ஒழுகுவது பெரும்பாலும் எங்கள் மூலையில்தான்.

மொழிவாரியாக நாடு பிரித்தபோது களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் மெட்ராஸோடு போயிற்று, நாங்கள் இந்தப் பக்கம் கேரளத்தில் நின்றுவிட்டோம். வீட்டில் தமிழும் கடையில் மலையாளமும் பேசிவந்த எங்களுக்குச் சோற்றிலும் குழம்பிலும் ஒரு மாற்றமும் வரவில்லை. மாற்றம் பள்ளிக்கூடத்தில் வந்தது. இனி உத்தியோகம் வேண்டுமென்றால் மலையாளம்தான் என்று கொஞ்சம் வசதியுள்ளவர்கள் பிள்ளைகளைத் தட்டிக்கு அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டார்கள். எங்கள் பெஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் போதிய தலை இல்லையென்றால் தமிழ் வகுப்புகளை மூடிவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

மூடினால் முதலில் போவது மாமாவின் வேலை. மாமா அம்மாவுக்கு நேர் இளையவர், தமிழ் வகுப்புகளுக்கு வாத்தியார். வீட்டில் அவர் மாமா, பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் சார். மறந்துபோய் உள்ளே மாமா என்று கூப்பிட்டதற்கு நான் ஒருநாள் பெஞ்சின்மேல் நின்றிருக்கிறேன். மூடினால் அடுத்து நிற்பது என் படிப்பு. மலையாள வகுப்பில் சேர்ந்தால் சின்னப் பிள்ளைகளோடு முதல் எழுத்திலிருந்து தொடங்க வேண்டும். எல்லை தாண்டிப் போய்ப் படிக்க ஒரு பெண் பிள்ளையை யாரும் அனுப்பமாட்டார்கள். அப்பா மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு பயிரிட்டுச் சந்தைக்கு வண்டியில் கொண்டுபோகிறவர். அதிகம் பேசமாட்டார். "தமிழ் கிளாஸ் பூட்டுனா பிள்ள வீட்டில நிக்கட்டு" என்று ஒரே வாக்கில் முடித்துவிட்டார்.

ஆகவே எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று காற்றுவாக்கில் சேதி வந்ததும் மாமா குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். படிப்பை விட்டவர்கள், ஆடு மேய்ப்பவர்கள், காஞ்சிரங்குளம் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் நிற்பவர்கள் என்று தமிழ் எழுத்துத் தெரிந்த பிள்ளைகளையெல்லாம் அன்று ஒருநாளைக்கு அழைத்து வந்து உட்கார வைப்பார். எல்லோருடைய பெயரும் வகுப்பின் ஆஜர் புத்தகத்தில் முதலிலிருந்தே இருக்கும். மீசை அரும்பிய ஒருவன் ஃபர்ஸ்ட் ஃபாரத்தில் முழங்கால் பெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருப்பான். தட்டிக்கு அந்தப் பக்கத்து மலையாளப் பிள்ளைகள் இரண்டு பேர் இந்தப் பக்கம் வந்து தமிழர் ஆவார்கள். உட்கார இடம் போதாமல் ஆலயத்திலிருந்து பெஞ்சு சுமந்து வருவார்கள். பொய் சொல்லக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை பள்ளியில் எங்களுக்குப் படிப்பித்ததும் அதே பெஞ்சுகளில் வைத்துத்தான். இந்த ஏற்பாட்டைத் தப்பென்று யாரும் நினைக்கவில்லை. ஹெட்மாஸ்டருக்கும் தெரியும், போதகருக்கும் தெரியும். ஆலயத் திருநாளுக்கு விளக்கு இரவல் வாங்குவதைப் போல ஊரே பிள்ளைகளை இரவல் கொடுத்தது.

அக்காவை நிறுத்தியது தம்பி பிறந்த வருஷம். பிரசவத்துக்குப் பிறகு அம்மாவுக்கு இடுப்பு எழும்பவில்லை. சமையல், தண்ணீர், பிள்ளை, மாடு எல்லாம் அக்காவின் தலையில் விழுந்தன. தம்பி நடக்கத் தொடங்கினால் மறுபடி போகலாம் என்று அப்பா சொல்லியிருந்தார். அக்கா அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். குழந்தைக்கு எட்டு மாதம் ஆகும்போதே முற்றத்தில் நிறுத்தி, இரண்டு கையையும் பிடித்து நடக்கப் பழக்குவாள். அவன் பொத்தென்று உட்காருவான். மறுபடி தூக்கி நிறுத்துவாள். அக்காவுக்குத் தம்பிமேல் எவ்வளவு ஆசை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நானும் அப்படியே நினைத்தேன்.

தம்பி ஒருவழியாக நடந்தான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அக்காவும் வாய் திறந்து கேட்கவில்லை, அவர் சொல்வார் என்று காத்திருந்தாள். அந்தச் சமயத்தில் ஒரு சாயங்காலம் மாமா வந்து முற்றத்தில் நின்றபடியே, "மக்கா, நாளைக்கு நீ ஸ்கூலுக்கு வா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அக்கா கையிலிருந்த தண்ணீர்க் குடத்தைக் கீழே வைக்கவும் மறந்து நின்றாள். நாளைக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்பதை மாமா அவளிடம் சொல்லவில்லை. அம்மா சொல்லியிருப்பாள் என்று அவர் நினைத்திருக்கிறார். அம்மாவோ, கூப்பிட்டது மாமா, அவரே சொல்லியிருப்பார் என்று நினைத்திருக்கிறாள். அந்த வழக்கம் ஊருக்கே தெரிந்ததாகையால் அதைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் அக்கா பச்சைப் பாவாடையும் வெள்ளைத் தாவணியும் உடுத்தி, இரட்டைப் பின்னல் போட்டு என்னோடு வந்தாள். நான் அப்போது ஃபர்ஸ்ட் ஃபாரம். வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். விட்டுப்போன பாடங்களை எப்படிப் பிடிப்பது, யாரிடம் புத்தகம் வாங்குவது, வருஷப் பரீட்சைக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கிறது என்று ஒரே கணக்கு. நான் அன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தது நினைவிருக்கிறது, கை முழுக்கச் சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்த வெடிப்பு.

மாமா தேர்ட் ஃபாரத்தில் பெயர் கூப்பிட்டார். அக்காவின் பெயரும் வந்தது. அக்கா எழுந்து நின்று, "ஆஜர் சார்" என்றாள். தட்டியில் மூங்கில் விலகிய ஓட்டை வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தானும் ஓர் இரவல் பிள்ளை என்று அவளுக்குத் தோன்றவில்லை; தன் பெயர் இத்தனை நாளும் ஆஜர் புத்தகத்தில் தனக்காகக் காத்திருந்தது என்று நினைத்துக்கொண்டாள். அவள் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் மலையாளி. கதர் சட்டை, தலை முழுக்க நரை, நல்ல மனுஷர். அக்காவின் வகுப்பில் தொங்கியது பழைய திருவிதாங்கூர் தேசப்படம். புது எல்லை அதில் கிடையாது. மாமா காலையில்தான் சாக்குக்கட்டியால் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தார். நெய்யாறு எங்கே பிறந்து எங்கே சேருகிறது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். இரவல் பிள்ளைகள் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். அக்கா எழுந்து போய்ப் படத்தில் விரல் வைத்தாள். அகஸ்திய மலையில் பிறந்து பூவாறில் கடலில் சேருகிறது என்று சொல்லி, அதோடு நிற்காமல், குழித்துறை ஆறு எங்கே ஓடுகிறது, அது இப்போது எந்த நாட்டில் இருக்கிறது என்றெல்லாம் விரலை இழுத்துக் காட்டினாள். மாமா போட்ட கோடு அவள் தாவணி பட்டு அழிந்துபோனது. இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "மிடுக்கி! ஈ குட்டியெ படிப்பிக்கணம், கேட்டோ" என்று மாமாவின் தோளில் தட்டினார். கெட்டிக்காரி, இந்தப் பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டும் என்று. மாமா கைகட்டிக்கொண்டு தலையை ஆட்டினார்.

அன்று இரவு அக்கா பாவாடையைத் துவைத்து அடுப்புக்குமேல் கயிற்றில் காயப்போட்டாள். மறுநாள் நான் விழிக்கும்போது கிழங்கு வெந்து இறக்கியாகிவிட்டது, தொழுவம் கூட்டியாகிவிட்டது, தம்பி குளித்துப் பவுடர் பூசி உட்கார்ந்திருந்தான். அக்கா இரட்டைப் பின்னலோடு நடையில் நின்றுகொண்டிருந்தாள். பாயிலிருந்து தலையைத் தூக்கிய அம்மா, "நீ எங்க பெறப்படுத?" என்றாள்.

"ஸ்கூலுக்கு."

அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வழக்கம்போல என்னைக் கூட்டிப் போக மாமா வந்தார். அக்காவைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"இன்னைக்கு வேண்டாம் மக்கா."

"எனக்க பேரு விளிச்சியளே, மாமா."

"பேரு அங்க கெடக்கட்டு. நீ இஞ்ச நில்லு. இனி இன்ஸ்பெக்டர் வரும்பம் நான் வந்து சொல்லுதேன்."

மாமா கெட்டவர் அல்ல. அதைவிட நல்லவிதமாகச் சொல்ல அவருக்கு அந்த நேரத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. அக்கா சரி என்று தலையாட்டினாள். உள்ளே போய்ப் பாவாடையை மாற்றிக்கொண்டு தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். தம்பிக்கு நடக்கத் தெரியுமே, ஏன் தூக்குகிறாள் என்று நினைத்துக்கொண்டே நான் மாமாவின் பின்னால் போனேன்.

அதற்குப் பிறகு அவள் புத்தகத்தைத் தொடவில்லை. ஆனால் நான் சத்தம்போட்டுப் படிக்கும்போது தப்பு வந்தால் அடுக்களையிலிருந்து திருத்தம் வரும். அம்மியின் சத்தம் நிற்கும், சரியான வார்த்தை வரும், மறுபடி அம்மி ஓடும். அதனால் எனக்குப் புத்தகம் திறந்து சரிபார்க்க வேண்டிய சிரமமே இருந்ததில்லை.

அடுத்த வருஷமும் இன்ஸ்பெக்டர் வரும் சேதி வந்தது. மாமா குடையோடு வந்து முற்றத்தில் நின்றார். அந்த வருஷம் இரவல் பிள்ளைகளும் குறைவு. சில வீடுகளில் மறுத்துவிட்டார்கள். அக்கா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி, திண்ணையில் உட்கார்ந்து ஆற்றுப் பாடம் படித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தாள். "வாறேன் மாமா" என்றாள்.

இன்ஸ்பெக்டர்கள் வருஷத்துக்கு வருஷம் மாறுவது வாடிக்கை. அந்த நம்பிக்கையில்தான் மாமா அக்காவைப் பழையபடி தேர்ட் ஃபாரத்தில் முதல் பெஞ்சில் உட்கார வைத்தார். வந்தவரோ அதே கதர் சட்டை, அதே நரை. தட்டி ஓட்டை வழியாக நான் பார்த்தபோது மாமாவின் கையிலிருந்த சாக்குக்கட்டி கீழே விழுந்து உடைந்தது.

இன்ஸ்பெக்டர் பெஞ்சைத் தாண்டிப் போனார். நின்றார். திரும்பி வந்தார். "கழிஞ்ஞ கொல்லவும் ஈ குட்டி இவிடெத்தன்னெ அல்லே இருந்நது?" என்று மாமாவைக் கேட்டார். போன வருஷமும் இந்தப் பிள்ளை இதே இடத்தில்தானே இருந்தது என்று. மாமா குனிந்து, உடைந்த சாக்குக்கட்டியைப் பொறுக்கத் தொடங்கினார். ஹெட்மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே தென்னையைப் பார்த்தார். இரவல் வழக்கம் வெளியே வந்துவிட்டால் அன்றைக்கே தமிழ் வகுப்பு மூடப்படும். எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. அக்காவை அவர் மறக்கவில்லையே என்று பெருமையாக இருந்தது. பக்கத்துப் பிள்ளையை இடித்து, "எனக்க அக்காவாக்கும்" என்றேன்.

அக்கா எழுந்து நின்றாள். "தோத்துப்போனேன், சாரே."

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. நெய்யாறு எங்கே பிறக்கிறது என்று அதே கேள்வியைக் கேட்டார். அந்த வருஷம் படத்தில் எல்லை மையால் அச்சாகி வந்திருந்தது. அக்கா படத்தைப் பார்த்தாள். அகஸ்திய மலையை மறந்து கிழக்கே எங்கோ ஒரு மலை என்று அன்று காலையில்தான் நான் படித்திருந்தேன், அம்மியை நிறுத்தித் திருத்தியவள் அவள். இப்போது தலையைக் குனிந்துகொண்டு, "தெரியாது" என்றாள். எங்கே சேருகிறது? தெரியாது. ஒன்பதும் எட்டும் பெருக்கினால்? அதுவும் தெரியாது. மலையாளப் பக்கத்துப் பையன்கள் தட்டிமேல் தலையை நீட்டிச் சிரித்தார்கள். இரவல் பிள்ளைகளும் சிரித்தார்கள். எனக்கு ஓட்டை வழியாகக் கத்தலாம் போல் வந்தது. பூவாறு என்று சொல்லேன் அக்கா, பூவாறு!

இன்ஸ்பெக்டர் அவள் தலையில் கை வைத்தார். "கஷ்டம். எந்து பற்றிப்போயி ஈ குட்டிக்கு" என்று மெல்லச் சொன்னார். இந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று வருத்தப்பட்டார். பிறகு வகுப்பில் தலையை எண்ணிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். தமிழ் வகுப்பு பிழைத்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பையன்கள், "மிடுக்கி தோத்தாச்சு" என்று பாட்டுப்போலப் பாடிக்கொண்டு பின்னால் வந்தார்கள். எனக்கு அவமானத்தில் அழுகை வந்தது. "உனக்குத் தெரியுமே, ஏன் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"மறந்துபோச்சு மக்கா."

"பரீட்சையே எழுதாம எப்பிடித் தோத்த?"

"வேகம் நட. தம்பி அழுவான்."

பொழுது சாயும் நேரத்தில் மாமா வந்தார். அக்கா முற்றத்தில் உட்கார்ந்து கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். அவர் இலையில் பொதிந்த முந்திரிக்கொத்துப் பலகாரத்தை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றார். "மக்கா" என்றார். அக்கா கத்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மாமா, அடுத்த வருசம் வேற ஆளப் பாருங்க. இன்னொருக்க தோக்க என்னால முடியாது."

மாமா குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நடந்து போனார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. முகத்தை மறைத்துக்கொண்டு அப்படி யார் குடை பிடிப்பார்கள் என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. முந்திரிக்கொத்தை அக்கா அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டாள். ஒன்றுகூட அவள் எடுக்கவில்லை. தோற்றுப்போனவர்களுக்குப் பசிக்காது போலிருக்கிறது என்று எண்ணி, தம்பிக்கு ஒன்று கொடுத்துவிட்டு மிச்சத்தை நானே தின்றேன். மறுநாள் காலை புத்தகத்தை எடுத்துக்கொண்டு, எப்போதும்போல, பள்ளிக்கூடத்துக்குப் போனேன். போவதற்குப் பள்ளிக்கூடம் இருந்தது ஏன் என்று நான் யோசிக்கவில்லை.